இமை சரியும் இடம்

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிப்பதில்லை. வீக்கமும் வராது. பல் பட்ட தடம்கூடச் சில வேளை கண்ணுக்குத் தெரியாது. இரவில் இரை தேடும் பாம்பு அது. எலியின் பின்னாலோ வேறு பாம்பின் பின்னாலோ வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரளும்போது கையோ காலோ அதன்மேல் பட்டால் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுகிறவர், ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைப்பார். சற்று நேரத்தில் கண்ணிமை பாரமாகிச் சரியத் தொடங்கும். எதிரே நிற்கும் ஒருவர் இருவராகத் தெரிவார். எச்சில் விழுங்க வராது, பேச்சு மூக்கால் வரும், தலையணையிலிருந்து தலை எழும்பாது. கடைசியாக மூச்சு நிற்கும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த ஊர்கள். அம்பத்தூரில் 1960களில் தொழிற்பேட்டை வந்தது. அதே காலத்தில் ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதன்பின் வயல்கள் மனைகளாயின. ஆனால் அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி எல்லாம் இன்னும் இருக்கின்றன. அவற்றின் கரையில் எலி வளைகள் இருக்கின்றன. பூந்தமல்லியைத் தாண்டித் திருவள்ளூர்ப் பக்கம் போனால் செங்கல் சூளைகளும் நெல்வயல்களும் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைகளுக்குள் தண்ணீர் புகும்போது பாம்புகள் மேடு தேடி வெளியே வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று உயிருக்கு ஆபத்தான நான்கும் தமிழ்நாட்டில் உண்டு. விரியன் என்ற பெயர் மூன்றுக்கு இருந்தாலும், கட்டுவிரியனின் நஞ்சு மற்ற இரண்டு விரியன்களைப் போல ரத்தத்தைத் தாக்குவதில்லை. அதுவும் நல்ல பாம்பின் நஞ்சும் தாக்குவது, நரம்பு தசையோடு பேசும் இடத்தை.

கட்டுவிரியன் கடித்து அசைவற்றுக் கிடப்பவரின் உடலில் எது கெட்டுப்போயிருக்கிறது? மூளை விழித்திருக்கிறது. இதயம் துடிக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து புறப்படும் நரம்பில் மின்துடிப்பு வழக்கம்போல ஓடுகிறது. தசை தன் பலத்தை இழக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் மார்பு எழும்பவில்லை. இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான விடை. அந்த விடை தெரிந்திருப்பதால்தான் இன்று இப்படிப்பட்டவரைப் பிழைக்க வைக்க முடிகிறது.

நரம்பா, தசையா?

விடையின் முதல் பாதி ஒரு தவளையிலிருந்து கிடைத்தது. 1850களில் பிரான்ஸின் உடலியல் அறிஞர் குளோத் பெர்னார், தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்புமுனையில் தடவும் குராரே என்ற நஞ்சை ஆராய்ந்தார். அது உடலில் ஏறிய தவளை துவண்டுவிடும். அப்போது அதன் கால் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் கால் அசையவில்லை. தசையையே நேரடியாகத் தூண்டினால் அது துள்ளிச் சுருங்கியது. ஆகவே தசையில் குறை இல்லை. அடுத்து நரம்பை மட்டும் நஞ்சில் ஊறவைத்து, தசையை வெளியே வைத்துப் பார்த்தார். நரம்பைத் தூண்டியதும் தசை சுருங்கியது. ஆகவே நரம்பிலும் குறை இல்லை. மிச்சம் இருப்பது இரண்டும் சந்திக்கும் இடம் மட்டுமே.

கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் ஜோசப் ஃபேரர் இந்தியப் பாம்புகளைப் பற்றிய பெருநூலை 1872இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டுகளில் அவரும் லாடர் பிரண்டனும் நல்ல பாம்பின் நஞ்சைச் சோதித்தபோது, அது குராரேயைப் போலவே நரம்பு முனைகளைச் செயலிழக்கச் செய்வதைக் கண்டார்கள். நஞ்சு ஏறிய விலங்குகளுக்குச் செயற்கையாக மூச்சு கொடுத்தால் இதயம் மேலும் நெடுநேரம் துடிப்பதையும் பார்த்தார்கள். பின்னால் வந்த சிகிச்சை முழுவதற்கும் அந்த ஒரு கவனிப்பில் விதை இருந்தது. ஆனால் அந்தச் சந்திப்பில் என்ன நடக்கிறது என்று அறிய இன்னும் அறுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

படலத்தின் இரு பக்கம்

அதைப் புரிந்துகொள்ள முதலில் செல்படலத்தைப் பார்க்க வேண்டும். நரம்பணு, தசைநார் இரண்டையும் மூடியிருக்கும் கொழுப்பால் ஆன மெல்லிய உறை அது. அதன் கனம் ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு. படலத்துக்கு வெளியே சோடியம் அயனிகள் உள்ளே இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். பொட்டாசியம் நேர்மாறாக உள்ளேதான் மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது படலத்தில் பதிந்த ஒரு புரதம். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ 1957இல் நண்டின் நரம்பில் இதைக் கண்டுபிடித்தார். நாற்பது ஆண்டு கழித்து அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளலாம். 24 அடி நிரம்பி நிற்கும்போது மதகின் ஒரு பக்கம் பெருநீர், மறுபக்கம் தாழ்ந்த கால்வாய். ஷட்டரைத் தூக்கினால் போதும். தண்ணீரைத் தள்ள யாரும் வேண்டாம். ஏரியை நிரப்புவதற்குத்தான் ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது. செல்லும் தன் உழைப்பையெல்லாம் நிரப்பி வைப்பதில் செலவிடுகிறது. செய்தி வரும்போது வாயில்களைத் திறப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. கண்ணிமைக்கும் பொழுதில் சைகை பரவுவது இதனால்தான்.

ஓய்வில் இருக்கும் தசைநாரின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கிறது. கேட்க அற்பமான அளவு. ஆனால் அந்த 90 மில்லிவோல்ட் நிற்பது 5 நானோமீட்டர் கனத்துக்குள். மீட்டருக்குக் கணக்கிட்டால் ஒரு கோடியே 80 லட்சம் வோல்ட். காற்றில் பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். நம் ஒவ்வொரு தசைநாரும் இப்படிப்பட்ட மின்புலத்தை அமைதியாகத் தாங்கிக்கொண்டு ஆணைக்குக் காத்திருக்கிறது.

ஒரு மூச்சின் பாதை

நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஆணை மூளைத்தண்டில் பிறந்து, கழுத்தெலும்புகளின் நடுவே வெளிப்படும் நரம்பு வழியாக மார்புக்குள் இறங்கி, நுரையீரல்களின் அடியில் கூரைபோல் வளைந்திருக்கும் உதரவிதானத்தை அடைகிறது. இந்த நரம்புகளில் மின்துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தசையை நெருங்கியதும் நரம்பிழை பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு தசைநாரின் மேலும் ஒரு முனையாக அமர்கிறது.

அமர்கிறதே தவிர, ஒட்டுவதில்லை. நரம்பு முனையின் படலத்துக்கும் தசையின் படலத்துக்கும் நடுவே ஏறத்தாழ 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்துடிப்பு இதைத் தாண்டாது. இங்கே செய்தி மின்சாரத்தை விட்டு வேதிப்பொருளாக மாறுகிறது. அந்தப் பொருள் அசெட்டைல்கோலின் என்பதை 1936இல் லண்டனில் ஹென்றி டேலும் அவரோடு உழைத்த வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், மார்த்தே ஃபோக்ட் ஆகியோரும் நிறுவினார்கள். பின்னவர்கள் இருவரும் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி வந்தவர்கள்.

நரம்பு முனைக்குள் அசெட்டைல்கோலின் சின்னஞ்சிறு பைகளில் அடைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பையில் பல ஆயிரம் மூலக்கூறுகள். மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் முனையின் படலத்தில் உள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம், பைகளைப் படலத்தோடு இணைத்து வெளிப்பக்கமாக உடைத்துவிடுகிறது. பெர்னார்ட் கட்ஸும் பால் ஃபாட்டும் 1950களின் தொடக்கத்தில் லண்டனில் தவளைத் தசைக்குள் நுண்ணிய மின்முனை செருகிப் பதிவு செய்தபோது, யாரும் தூண்டாத நேரத்திலும் அரை மில்லிவோல்ட் அளவில் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வோர் அதிர்வும் ஒரு பை தானாக உடைந்ததன் அடையாளம். நரம்பு தூண்டப்படும்போது இதே அளவு அதிர்வுகள் பல ஒரே கணத்தில் சேர்ந்து பெரிதாகின்றன. நரம்பு தசையோடு முழு எண்களில் பேசுகிறது. அரைப் பை, கால் பை என்று எதுவும் இல்லை. இதற்காகக் கட்ஸ் 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

வெளிவந்த மூலக்கூறுகள் இடைவெளியை மைக்ரோநொடிகளில் கடந்து தசையின் படலத்தை அடைகின்றன. அந்த இடத்தில் படலம் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மடிப்புகளின் முகடுகளில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு ஏறத்தாழ பத்தாயிரம் ஏற்பிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வோர் ஏற்பியும் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் துளை விட்ட அமைப்பு. இரண்டு அசெட்டைல்கோலின் மூலக்கூறுகள் வந்து பொருந்தினால் துளை திறக்கும். சோடியம் உள்ளே பாயும். 1976இல் எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் ஒரு கண்ணாடிக் குழலின் நுனியைத் தவளைத் தசையின் படலத்தில் அழுத்தி வைத்து, ஒற்றை ஏற்பி திறந்து மூடுவதை மின்னோட்டமாகப் பதிவு செய்தார்கள். மனிதர் முதன்முதலாக ஒரு தனிப் புரத மூலக்கூறு வேலை செய்வதை அது செய்துகொண்டிருக்கும்போதே கண்டது அன்றுதான் என்று சொல்லலாம்.

சோடியம் பாய்ந்ததும் அந்த இடத்தின் மின்னழுத்தம் மாறுகிறது. மடிப்புகளின் அடியில் காத்திருக்கும் வேறு வகைச் சோடியம் வாயில்கள் அதை உணர்ந்து திறக்க, தசைநாரின் இரு கோடிக்கும் ஒரு மின் அலை ஓடுகிறது. படலத்தின் மேற்பரப்பில் ஓடும் அலை நாரின் ஆழத்துக்கு எப்படிப் போகிறது? தசையின் படலம் சீரான இடைவெளியில் குழாய்களாக உள்நோக்கி இறங்குகிறது. 1958இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ராபர்ட் டெய்லரும் தவளைத் தசைநாரின் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாகத் தூண்டிப் பார்த்தார்கள். குறிப்பிட்ட சில புள்ளிகளில் மட்டுமே நார் சுருங்கியது. அவை இந்தக் குழாய்களின் வாய்கள்.

குழாயின் சுவரில் மின்மாற்றத்தை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. அது உருமாறும்போது, தன்னோடு தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளறையின் கால்சியம் வாயிலைத் திறந்துவிடுகிறது. கால்சியம் நாரெங்கும் பரவுகிறது. தசை சுருங்குவது மயோசின், ஆக்டின் என்ற இரு வகை இழைகள் ஒன்றின் ஊடே ஒன்று நழுவுவதால்தான் என்று 1954இல் நேச்சர் இதழின் ஒரே பதிப்பில் இரு குழுக்கள் தனித்தனியே எழுதின. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரோல்ஃப் நீடர்கெர்கே. மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன். ஓய்வு நேரத்தில் அந்த இழைகள் பற்றிக்கொள்ளாமல் ஒரு புரதக் கூட்டு தடுத்து வைத்திருக்கிறது. அதில் கால்சியத்தை ஏற்கும் டிரோபோனினை 1960களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி கண்டறிந்தார். கால்சியம் டிரோபோனினில் அமர்ந்ததும் தடை விலக, மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கிறது. உதரவிதானம் தட்டையாகிறது, காற்று உள்ளே வருகிறது.

அடுத்த மூச்சுக்கு இடம் வேண்டுமே. ஆகவே அனைத்தும் உடனே துடைக்கப்பட வேண்டும். இடைவெளியில் நிற்கும் ஒரு நொதி அசெட்டைல்கோலினை ஒரு மில்லிநொடிக்குள் இரண்டாக வெட்டிவிடுகிறது. வெட்டப்பட்ட கோலினை நரம்பு முனை உறிஞ்சி, மறுபடி அசெட்டைல்கோலினாக்கிப் பையில் அடைக்கிறது. தசைக்குள் கால்சியம் அறைக்குத் திரும்புகிறது. பிறந்த முதல் அழுகையிலிருந்து கடைசி மூச்சு வரை இது நிற்பதில்லை.

இரண்டு பாம்பு, இரண்டு கரை

இனி பாம்புகளுக்குத் திரும்புவோம். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தவரிடம் தோன்றும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே: இமை சரிவு, இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, மூச்சுத் தடை. ஆனால் அந்த 50 நானோமீட்டர் இடைவெளியில் இரண்டும் எதிர் எதிர்க் கரைகளைத் தாக்குகின்றன.

நல்ல பாம்பின் நஞ்சு தசைக் கரையில் வேலை செய்கிறது. மூன்று விரல் நீட்டியது போன்ற வடிவமுள்ள சிறு புரதங்கள் அதில் இருக்கின்றன. ஓர் அசெட்டைல்கோலின் அமர வேண்டிய இடத்தில் அவை போய் அமர்ந்துகொள்கின்றன. வாயில் திறப்பதில்லை. நரம்பு பைகளை உடைத்துக்கொண்டே இருக்கிறது. செய்தி கரை சேர்ந்தும் கேட்பாரில்லை.

கட்டுவிரியனின் நஞ்சிலும் இந்த வகைப் புரதம் உண்டு. ஆனால் அதன் கொடுமை நரம்புக் கரையில் இருக்கிறது. அதன் நஞ்சில் உள்ள ஒரு நொதி, நரம்பு முனையின் படலக் கொழுப்பையே அரிக்கிறது. பைகள் கட்டுக்கடங்காமல் தீர்ந்துபோகின்றன. பிறகு முனையே சிதைந்துவிடுகிறது. தசையின் ஏற்பிகள் திறந்த காதுகளோடு நிற்கின்றன, சொல்வாரில்லை.

ஏன் முதலில் கண்ணிமை? இயற்கை இந்தச் சந்திப்பில் தாராளமாக இருக்கிறது. தேவைக்குப் பல மடங்கு அசெட்டைல்கோலின் வெளியாகிறது; தேவைக்கு மேல் ஏற்பிகள் நிற்கின்றன. பூனைகளில் செய்த ஆய்வுகளின்படி ஏற்பிகளில் முக்கால் பங்கு அடைபட்ட பிறகுதான் தசை தளரத் தொடங்குகிறது. உதரவிதானத்துக்கு இந்த உபரி இன்னும் அதிகம். கண்ணிமையையும் விழியையும் அசைக்கும் சிறு தசைகளுக்கு உபரி குறைவு, ஓய்வும் குறைவு. ஆகவே நஞ்சு பரவும்போது அவை முதலில் விழுகின்றன, உதரவிதானம் கடைசியில் விழுகிறது. இடைப்பட்ட நேரம் சிலருக்கு அரை மணி, சிலருக்குப் பல மணி. இமை சரிந்திருக்கிறது என்றால், மூச்சுக்கான உபரி கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கீரி எப்படித் தப்புகிறது

பாம்போடு சண்டையிட்ட கீரி ஒரு மூலிகையைத் தேடித் தின்று நஞ்சை முறித்துக்கொள்ளும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். உண்மையில் கீரியின் காப்பு அதன் தசைப் படலத்திலேயே இருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சாரா ஃபுக்ஸின் குழு 1992இல் கீரியின் அசெட்டைல்கோலின் ஏற்பியை ஆராய்ந்து வெளியிட்டது. நஞ்சு அமரும் இடத்தில் உள்ள சில அமினோ அமிலங்கள் மற்றப் பாலூட்டிகளில் இருப்பவையல்ல. மாறிய இடத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி துருத்திக்கொண்டு நிற்கிறது. பெரிய நஞ்சுப் புரதத்துக்கு அங்கே இடமில்லை. மிகச் சிறிய அசெட்டைல்கோலின் இடுக்கில் நுழைந்து வழக்கம்போல வேலையைச் செய்கிறது.

இதே இடத்தில், ஏறத்தாழ இதே உத்தியை நல்ல பாம்பின் ஏற்பியும் வைத்திருக்கிறது. இல்லையென்றால் தன் நஞ்சு தன் ரத்தத்தில் கலந்தாலே அது செத்துவிடும். வேட்டையாடியும் இரையும் தனித்தனி வழிகளில் பரிணமித்து ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு புரதத்தின் ஒரு மூலையில் ஏற்பட்ட மாற்றம், நாம் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லிவந்த ஒரு பகையின் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆனாலும் கீரியின் காப்புக்கு எல்லை உண்டு. ரத்தத்தைத் தாக்கும் நஞ்சுக்கு இந்த மாற்றம் தடையாகாது.

நஞ்சே கருவியானது

மனிதர்களுக்கு அந்தச் சர்க்கரைச் சங்கிலி இல்லை. ஆராயும் அறிவு இருக்கிறது. தைவானின் தேசியப் பல்கலைக்கழகத்தில் லீ சென்-யுவானும் அவருடன் பணியாற்றிய சாங்கும் 1963இல் தங்கள் ஊர்க் கட்டுவிரியனின் நஞ்சைக் கூறு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறு தசைக் கரையைப் பற்றியது, இன்னொன்று நரம்புக் கரையைச் சிதைத்தது. முதல் கூறான ஆல்ஃபா பங்காரோடாக்சின் ஏற்பியைப் பிடித்தால் ஏறத்தாழ விடுவதே இல்லை. இந்தப் பிடிவாதமே அதை அரிய கருவியாக்கியது. 1970இல் பாரிஸில் ஜான்-பியேர் ஷாங்ஜோ, லீயோடு சேர்ந்து, மின்விலாங்கு மீனின் மின்னுறுப்பிலிருந்து அசெட்டைல்கோலின் ஏற்பியை இந்த நஞ்சைக் கொண்டு அடையாளம் கண்டார். நரம்புச் செய்தியை வாங்கும் ஒரு புரதம் முதன்முதலாகக் கையில் அகப்பட்டது அப்படித்தான்.

மூன்றே ஆண்டில் அதன் பயன் நோயாளிகளை அடைந்தது. பாம்பு கடிக்காமலேயே இமை சரிந்து, மாலை நேரத்தில் தசைகள் சோர்ந்துபோகும் ஒரு நோய் உண்டு. மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். 1973இல் அமெரிக்காவில் ஃபேம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி ஆகிய மூவரும் கதிரியக்கக் குறி இட்ட பங்காரோடாக்சினைக் கொண்டு நோயாளிகளின் தசையில் ஏற்பிகளை எண்ணினார்கள். எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே ஏற்பிகளைத் தாக்குகின்றன என்பது அதே ஆண்டு முயல்களில் நடந்த இன்னொரு ஆய்வில் புலப்பட்டது. இன்று இந்நோய்க்கு மாத்திரையும் நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் சிகிச்சையும் இருக்கின்றன. பெரும்பாலானோர் இயல்பாக வாழ்கிறார்கள். ஒரு பாம்பின் நஞ்சு அதற்கு வழிகாட்டியிருக்கிறது.

கட்டிலருகே

எந்தக் கரை தாக்கப்பட்டது என்ற அறிவு மருத்துவரின் கையில் உடனே பயன்படுகிறது. நியோஸ்டிக்மின் என்ற மருந்து, அசெட்டைல்கோலினை வெட்டும் நொதியைத் தற்காலிகமாக நிறுத்தும். இடைவெளியில் அசெட்டைல்கோலின் பெருகும். கடித்தது நல்ல பாம்பு என்றால், பெருகிய மூலக்கூறுகள் நஞ்சோடு போட்டியிட்டு மிச்சமுள்ள ஏற்பிகளைத் திறக்கும். சரிந்த இமை கொஞ்ச நேரத்தில் மேலே எழும். இதயத் துடிப்பு குறைந்துவிடாமல் காக்க அட்ரோபினும் சேர்த்துக் கொடுப்பார்கள். கடித்தது கட்டுவிரியன் என்றால் இந்த மருந்தால் பெரும்பாலும் பயன் இல்லை. பெருக்குவதற்கு அசெட்டைல்கோலின் வெளியே வந்தால்தானே?

இதே நொதியை நிரந்தரமாக அடைப்பவை குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள். அப்போது ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டுச் சோர்ந்துபோகின்றன. 1987இல் இலங்கையின் பேராதனையைச் சேர்ந்த நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும், முதல் நெருக்கடியைத் தாண்டிய நோயாளிகளுக்கு ஓரிரு நாள் கழித்து மறுபடி கழுத்தும் மூச்சும் தளர்வதை விவரித்து உலகுக்கு அறிவித்தார்கள். பூச்சிமருந்து நச்சுக்கு ஆளானவர் தேறிவிட்டார் என்று அன்றே வீட்டுக்கு அழைத்துப்போகக் கூடாது என்பதற்கு அந்த ஆய்வே காரணம்.

கட்டுவிரியன் கடிக்கு என்ன வழி? முதலாவது விஷமுறிவு மருந்து. குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சு செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள்களிலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நாடு முழுவதும் போகிறது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு இழந்த இருளர்களுக்காக ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முன்முயற்சியில் 1978இல் அது தொடங்கப்பட்டது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்தே பாம்பைக் கண்டுபிடிக்கும் அந்தக் கூர்மையை 2023இல் நாடு அங்கீகரித்தது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்டத்திலும் இருளர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். சூளையிலும் வயலிலும் வேலை செய்து தரையில் படுத்துறங்கும் அவர்களே பாம்புக்கடிக்கு மிக அருகில் இருப்பவர்களும்கூட.

விஷமுறிவு மருந்து ரத்தத்தில் திரியும் நஞ்சைப் பிடித்துவிடும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனையை அதனால் திருப்பித் தர முடியாது. அதனால்தான் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது வழி, மூச்சைக் கடனாகக் கொடுப்பது. நரம்பு முனை சிதைந்தாலும் அதன் பின்னால் நரம்பணு உயிரோடு இருக்கிறது. சில நாளில் அது புதிய முனைகளை வளர்த்து அதே தசைநாரில் அதே இடத்தில் மறுபடி அமர்கிறது. அதுவரை வென்டிலேட்டர் மூச்சு விட்டால் போதும். சிலருக்கு இரண்டு மூன்று நாள், சிலருக்கு வாரக்கணக்கில். பின்னர் இமை எழும், கை அசையும், குழாயை எடுத்துவிடலாம். மூளைக்கு ஆக்ஸிஜன் தடைபடாமல் இருந்திருந்தால் பெரும்பாலோர் ஊனம் ஏதுமின்றி எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

அந்த நாட்களில் நோயாளி இறந்துவிட்டவர்போலத் தோன்றலாம். கண் திறக்காது, கண்மணி வெளிச்சத்துக்கு அசையாது, கிள்ளினால் எதிர்வினை இராது. ஆனால் அவர் விழித்திருக்கக் கூடும். அருகே பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கக் கூடும். நம்பிக்கை இழந்து சிகிச்சையை நிறுத்துவது இங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை. அவரிடம் பேச வேண்டும், வலிக்கு மருந்து கொடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும்.

மூச்சைக் கடனாகக் கொடுக்கும் இந்தத் திறமை ஏதோ பெரிய ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருப்பதன்று. அறுவை அரங்கில் மயக்கமருந்து நிபுணர் குராரேயின் வழிவந்த மருந்துகளைச் செலுத்தி, நோயாளியின் எல்லா நரம்பு-தசைச் சந்திப்புகளையும் தாமே அடைக்கிறார். குழாய் வழியாக மூச்சு கொடுக்கிறார். அறுவை முடிந்ததும் அதே நியோஸ்டிக்மினால் மறுபடி திறந்துவிடுகிறார். மான்ட்ரியாலில் ஹெரால்ட் கிரிஃபித் 1942இல் தொடங்கிவைத்த முறை, இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் அன்றாட வேலை. பாம்பு செய்வதை மருத்துவர்கள் கணக்காகச் செய்து, கணக்காக நீக்கத் தெரிந்தவர்கள்.

ஆகவே இந்தச் சாவுகள் தடுக்கக் கூடியவை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். 2024இல் ஒன்றிய அரசு, 2030க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாக்கும் செயல்திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. எண்ணப்படாத சாவுகள் எண்ணப்படுவது நல்ல தொடக்கம்.

மிச்சத்தை இடைவெளியின் அறிவியலே சொல்லிவிடுகிறது. கடித்த இடத்தை வெட்டுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் நரம்பு முனைக்கு எந்த உதவியும் செய்வதில்லை. வேர் தேடி அலையும் நேரமெல்லாம் உதரவிதானத்தின் உபரியிலிருந்து கழிகிறது. கடிபட்ட கை கால்களை அசைக்காமல் வைத்து 108ஐ அழைக்க வேண்டும். மழைக்காலத்தில் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகி, முடிந்தால் கட்டிலில் உறங்க வேண்டும். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையும், விஷமுறிவு மருந்தும், இரண்டையும் தயங்காமல் பயன்படுத்தத் தெரிந்த செவிலியரும் சூளைகளுக்கும் வயல்களுக்கும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் எந்நேரமும் இருக்க வேண்டும். நரம்பு முனை தானாக வளரும். அது வளரும் வரை மூச்சைக் காப்பது மட்டுமே நம் கடமை. அந்தக் கடமையை எல்லா ஊரிலும் நிறைவேற்றும் வரை இந்த அறிவை நாம் முழுமையாகப் பெற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது.